நாலாவது மூட்டை

"கீய்ங்... கீய்ங்... கீய்ங்...!"

தகரக் கூரை அதிர்ந்தது. சிவப்பு விளக்கு சுழன்றது. ஆள் உயரத்துக்கு மேலே, மாட்டுத் தீவன மூட்டை ஒன்றைக் கவ்வியபடி, இயந்திரக் கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாருடோய்!" என்று கத்தினான் அமைதி.

வாயை மூடி யாரும் பார்த்திராததால் அவனுக்கு அந்தப் பெயர். ரோபோவுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவனும் அவன்தான். அதில் தப்புச் சொல்ல முடியாது. வந்து இறங்கிய நாளிலிருந்து அதற்கு நடந்த உபசாரம் அப்படி. அது நிற்கப் புதுத் தரை, சுற்றிலும் மஞ்சள் வேலி, தூசி படாமல் இருக்க உச்சியில் தனி ஃபேன்.

"இருபத்தஞ்சு வருஷமா இதே எடத்துல நின்னு மூட்டை தூக்கியிருக்கேன். ஒரு ஃபேன் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்," என்றார் தூண். காற்றடித்தால் சாய்ந்துவிடுவார் போன்ற ஒல்லி மனிதர். அதனால்தான் தூண்.

வேலிக்கு வெளியே, கையகலத் திரையின் முன்னால் நின்றிருந்த நாலு மட்டும் சிரிக்கவில்லை. திரையில் 'பிழை 17' என்று சிவப்பு எழுத்து மின்னியது. நேற்று வியாழக்கிழமை முழுக்க அதே பதினேழு. இன்று வெள்ளி, காலை பத்து மணிக்குள் இது ஒன்பதாவது தடவை.

நாலு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அந்தத் தீவன ஆலையில் மூட்டைகள் நகர்ந்து வரும் பெல்ட்டின் முனையில் நான்கு பேர் முறைவைத்து மூட்டை எடுப்பார்கள். முதலில் தூண், அடுத்தது அமைதி. மூன்றாவது சர்க்கஸ், மூட்டையை முதுகில் வாங்கும்போதே அரைச் சுற்றுச் சுற்றுவான். நான்காவது இவன். வரிசை கலைந்தால் காலில் கால் இடறும் என்பதால் அதை மாற்றியதே கிடையாது. பதினோரு வருஷம் நான்காவதாக நின்றவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு எண்பது மூட்டை. எண்பது ஐம்பது நாலாயிரம் கிலோ. அதாவது தினமும் ஒரு யானையைத் தவணை முறையில் தூக்கி வைப்பது. பதினோரு வருஷ யானைகளின் பலன், போன மாதம் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் தெரிந்தது. "இன்னும் ஆறு மாசம் தூக்கினீங்கன்னா அப்புறம் உங்களைத்தான் யாராவது தூக்கணும்," என்று டாக்டர் சிரிக்காமல் சொன்னார்.

சரியாக அந்த வாரத்தில்தான் மாப்பிள்ளை வரப்போகிற செய்தி வந்தது. மேனேஜர் நான்கு பேரையும் கூப்பிட்டு, ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை, ஆலை இன்னும் இரண்டு பெல்ட் போடுகிறது, ஆள்தான் போதாமல் போகும் என்றார். தூணுக்கு லாரிக் கணக்கெடுக்கும் நாற்காலி வேலை. அமைதிக்கும் சர்க்கஸுக்கும் மூட்டைகளைப் பலகையோடு தூக்கிப் போகும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி. நாலுவுக்கு ரோபோவை ஓட்டும் வேலை. இரண்டு வாரம் பயிற்சி. நாலு ஒரு பாடம் விடாமல் படித்தான். பள்ளிக்கூடத்தில் அப்படிப் படித்திருந்தால் ஆலைக்கே வந்திருக்க மாட்டான் என்று அமைதி சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆனால் எல்லாம் மாப்பிள்ளை ஒழுங்காக வேலை செய்தால்தான்.

"மறுபடியும் நாலாவது மூட்டை," என்றாள் ரோபோ கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் பெண். நெற்றி வியர்வையைத் துடைத்ததில் தீவனத் தூசி அப்பிக்கொண்டது. "மூணு மூட்டை அழகா எடுக்குது. நாலாவதுல நிக்குது. மறுபடி மூணு, மறுபடி நாலாவது."

"உன்னைத்தாண்டா கூப்பிடுது, நாலு!" என்றான் அமைதி. "போயி என்னன்னு கேளு!"

புத்தகத்தில் பதினேழுக்கு இரண்டு காரணம் போட்டிருந்தது. ஒன்று, மூட்டை எடை அரைக் கிலோவுக்கு மேல் கூடியோ குறைந்தோ இருக்க வேண்டும். அல்லது, கை எட்டாத தூரத்துக்கு எட்டிப் பார்க்க வேண்டும். இன்ஜினியர் நேற்றே பெல்ட்டில் வந்த முதல் மூன்று மூட்டைகளை இறக்கி எடை போட்டுவிட்டாள். இம்மி பிசகாமல் ஐம்பது, ஐம்பது, ஐம்பது. எனவே எடையில் கோளாறு இல்லை. மாப்பிள்ளை மூட்டை அடுக்கும் மரப்பலகையில் ஓர் அடுக்குக்கு நான்கு மூட்டை. நான்காவது மூலைதான் கைக்குத் தூரம். ஆகவே மூலைதான் குற்றவாளி என்று முடிவு கட்டினாள். பலகையை ஒரு சாண் நகர்த்தினாள். மூலை வரிசையை மாற்றினாள். கையின் வேகத்தைக் குறைத்தாள்.

மாப்பிள்ளை எதற்கும் மசியவில்லை. மூன்று எடுக்கும், நாலாவதில் ஊளையிடும்.

இதில் இன்னொரு வேடிக்கை. மூட்டை நிரப்புவது நாலுவின் மனைவி. மேடைமேல், தீவனம் கொட்டும் குழாயின் கீழே அவள் இடம். சாக்கைத் தராசில் நிறுத்தி, நெம்புகோலை இழுத்து, முள் ஐம்பதைத் தொட்டதும் மூடிவிடுவாள். சாக்கைத் தள்ளினால் அடுத்து நிற்கும் தையல் அக்கா வாயைத் தைத்து பெல்ட்டில் விடுவாள். டீ நேரத்தில் கால் மணி மட்டும் அக்காவே நிரப்பவும் செய்வாள், தைக்கவும் செய்வாள். அந்தக் கால் மணியும் மாப்பிள்ளை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"எல்லாரும் டீ குடிக்கிற நேரத்துல அவர் மட்டும் ஒழுங்கா வேலை பாக்குறாரு. சரியான மாப்பிள்ளை!" என்றார் தூண்.

"மோட்டார் சூடு தணிஞ்சிருக்கும்," என்று இன்ஜினியர் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு முறை நின்ற பிறகும், நாலு திரையைத் தட்டினால் கை கவ்விய மூட்டையை ஓரமாக வைத்துவிடும். அதை மனிதர்கள் எடுத்துப் பலகையில் போட வேண்டும். நாலுவை அதன் பக்கமே விடாமல் மற்ற மூவரும் தூக்கினார்கள்.

"ஐயோ அம்மா!" என்று இடுப்பைப் பிடித்தான் அமைதி. "ரெண்டு நாள் சும்மா நின்னதுல உடம்பு எவ்வளவு கெட்டுப்போச்சு பாரு. மூட்டை கனக்குதுடா!"

"தின்னது கனக்குது," என்றான் சர்க்கஸ்.

வெள்ளி மாலை மேனேஜர் வந்தார். வழுக்கைத் தலையைத் தடவினார். கோபமாக இருந்தால் ஒரு கை, கவலையாக இருந்தால் இரண்டு கை. இன்று இரண்டு கை.

"இன்னைக்கு மட்டும் நாப்பத்தோரு தடவை நின்னிருக்கும்மா. முதலாளி கேக்குறாரு. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், நிக்காம ஓடிக் காட்டணும். இல்லன்னா திங்கக்கிழமை லாரியில ஏத்தி அனுப்பிடுவேன். பசங்க பழையபடி தூக்கட்டும்."

அந்தப் 'பழையபடி' நாலுவின் முதுகில் நேராகப் போய் இறங்கியது.

வீட்டில் அன்று மாலை ஒரு அதிசயம் நடந்தது. வேலை முடிந்து வந்தால் நாலு நேராகத் தரையில் நீட்டிப் படுத்துவிடுவது வழக்கம். சாப்பாடுகூட ஒருக்களித்தபடிதான். இரண்டு நாளாக மூட்டை தொடாத முதுகு அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது. சுவரில் சாயாமல் உட்கார்ந்து சாப்பிட்டான். எட்டு வயது மகள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அப்பா, நீ உக்காந்தா இவ்வளவு உயரமா?"

மனைவி சிரித்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட நல்லாக் கேளுங்க," என்றாள் பிறகு. "எங்கயோ ஒரு சின்ன விஷயமாத்தான் இருக்கும். மாப்பிள்ளை போகக் கூடாது. போனா நீங்க வேலைய விட்டுடணும். நான் சொல்லிட்டேன்."

"விட்டுட்டு?"

"நான் ஒருத்தி சம்பாதிக்கிறேன். நீங்க சமைங்க."

"நான் சமைச்சா சாப்பிடணுமே நீங்க ரெண்டு பேரும்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் தட்டைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல," என்றான். "தூணு என்னைவிடப் பதினஞ்சு வயசு மூத்தவரு. அவரும் அதே மூட்டையத்தான் தூக்குறாரு. சாயங்காலம் விசில் அடிச்சுக்கிட்டுப் போறாரு. நான் மட்டும் சுருண்டு விழுறேன். பிறவியிலேயே நான் சோப்ளாங்கி போலிருக்கு."

"அவருக்கு முட்டி போச்சு, அமைதி அண்ணனுக்குக் கழுத்து போச்சு. ஐம்பது கிலோ யாரைத்தான் விட்டுச்சு? சாப்பிடுங்க," என்றாள் அவள்.

சனிக்கிழமை. காலையிலிருந்து மதியம் வரை இன்ஜினியர் கையின் மூட்டு ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டினாள். ஒரு மணிக்கு ஓடவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. கீய்ங்! இரண்டு மணிக்கு ஒரு முறை. கீய்ங்! இரண்டரை மணிக்கு அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வேலியோரம் உட்கார்ந்தாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது.

"மன்னிச்சுக்குங்கண்ணா," என்றாள் நாலுவிடம். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்துட்டேன்."

வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மேனேஜர் இரண்டு கையாலும் தலையைத் தடவியபடி வந்தார். "சரி, ஆஃப் பண்ணுங்க. லாரி நிக்குது. கையால ஏத்துங்க."

நாலு திரையை அணைத்தான். தோள் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு பெல்ட்டின் முனைக்கு வந்தான்.

"என்னங்க!" மேடையிலிருந்து மனைவியின் குரல் கூரையில் மோதியது. "நீங்க தள்ளி நில்லுங்க!"

"ஒரு லாரிதானம்மா. நீ நிரப்பு."

தூண் குந்திய இடத்திலிருந்து எழ முடியாமல் முட்டியைப் பிசைந்தார். "நீங்க ஆரம்பிங்கடா, இதோ வந்துட்டேன்," என்றார். பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது. முதல் மூட்டையை அமைதி எடுத்தான். இரண்டாவதைச் சர்க்கஸ் அரைச் சுற்றுச் சுற்றி வாங்கினான். மூன்றாவது நாலுவின் முதுகுக்கு வந்தது.

நாலு இரண்டடி நடந்தான். நின்றான்.

"என்னடா, முதுகா?" என்று பதறினார் தூண்.

"இல்லண்ணே." அவன் மூட்டையை ஒரு குலுக்குக் குலுக்கினான். "இது குறையுது."

"என்ன குறையுது?"

"எடை. இது ஐம்பது இல்ல. பஞ்சு மாதிரி இருக்கு."

"ஐம்பது கிலோ பஞ்சு மாதிரி இருக்காம்! டாக்டர் முதுகப் படம் எடுத்தாரு, தலைய எடுக்காம விட்டுட்டாரு..." என்று ஆரம்பித்த அமைதி, அடுத்து வந்த நான்காவது மூட்டையை வாங்கியதும், "அம்மாடி!" என்று மடங்கினான்.

நாலு தன் மூட்டையைக் கீழே போட்டான். "அதை இங்க குடு."

"டேய், வேணாம்டா..."

"குடுன்னா!"

வாங்கினான். முதுகில் அது உட்கார்ந்த மாத்திரத்தில் அவன் முகம் மாறிவிட்டது. கூட்டத்தில் சொந்தக்காரனைக் கண்டுபிடித்தவன் மாதிரி.

"இதுதான் என் மூட்டை," என்றான். "பதினோரு வருஷமா நான் தூக்குறது இதைத்தான். அது வேற, இது வேற. இன்ஜினியர் தங்கச்சி, ரெண்டையும் எடை போடு!"

அவள் எழுந்து ஓடி வந்தாள். மூன்றாவது மூட்டை: ஐம்பது. நான்காவது மூட்டை: ஐம்பத்தொன்றே கால்.

எல்லோரும் தராசைக் குனிந்து பார்த்தார்கள். அமைதிகூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மாப்பிள்ளை மேல தப்பே இல்ல," என்றாள் இன்ஜினியர் மெல்ல. "மூணு நாளா அது சரியாத்தான் சொல்லியிருக்கு. நான் முதல் மூணு மூட்டையோட நிறுத்திட்டேன். நாலாவதை எடை போடவே இல்ல!"

ஆறு தலைகளும் ஒரே நேரத்தில் மேடைப் பக்கம் திரும்பின.

மேலே நாலுவின் மனைவி, புருஷன் மூட்டை தூக்கிய ஆத்திரத்தை எல்லாம் தையல் அக்காவிடம் கொட்டியபடி நிரப்பிக்கொண்டிருந்தாள். "சொன்னா கேக்குற ஜென்மமா அது? டாக்டர் அவ்வளவு சொல்லியும்..." முள் ஐம்பதைத் தொட்டது, மூடினாள், சாக்கைத் தள்ளினாள். ஒன்று. "இந்த வயசுல முதுகு போனா யாருக்குக் கஷ்டம்?" இரண்டு. "என் வாய்க்கு மரியாதையே இல்லக்கா." மூன்று. "நாளைக்கே அவர் படுத்தா..." முள் ஐம்பதைத் தொட்டது, மூடினாள், சாக்கைத் தள்ளினாள். தள்ளிய கை திரும்பி வரும் வழியில், பக்கத்துத் தொட்டியில் கிடந்த தகரக் கரண்டியை எடுத்தது. ஒரு கரண்டி தீவனத்தை அள்ளிச் சாக்கில் போட்டது. கரண்டியைத் தொட்டியில் வைத்தது. "...யார் பாக்குறது, சொல்லுங்க?"

அடுத்த சாக்கு. ஒன்று.

"அடிப்பாவி!" என்றார் தூண், பயபக்தியோடு.

"தங்கச்சி!" என்று கத்தினான் அமைதி. "அந்தக் கரண்டி எதுக்கு?"

"எந்தக் கரண்டி?"

"இப்பப் போட்டியே!"

"நான் எங்க போட்டேன்?"

அவள் நம்பவில்லை. மறுபடி நிரப்பிக் காட்டச் சொன்னார்கள். அத்தனை பேரும் மேடையைச் சுற்றி நின்று வாய்விட்டு எண்ணினார்கள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நான்காவதில் கை தானாகக் கரண்டிக்குப் போனது. அவள் அப்படியே உறைந்தாள். கையில் இருந்த கரண்டியை, யாரோ அயலூர்க்காரர் கொண்டுவந்து திணித்துவிட்டுப் போனது போலப் பார்த்தாள். காது மடல் வரை சிவந்துவிட்டது.

"அக்கா, நீங்க பக்கத்துலதானே நிக்கிறீங்க, பாத்ததில்லையா?" என்று கேட்டாள் இன்ஜினியர்.

"பாத்திருக்கேன்," என்றாள் தையல் அக்கா. "ஆபீஸ்ல சொல்லித்தான் போடுறான்னு நினைச்சேன்."

மேனேஜர் தலையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார். "அப்போ மாசா மாசம் ரெண்டரை டன் சரக்கு குறையுறது இதுலதானா? எலி திங்குதுன்னு நான் ஆறு பூனை வளக்குறேனேம்மா!"

சர்க்கஸ் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "எண்பது மூட்டை, ஒண்ணே கால் கிலோ... நூறு கிலோ! டேய் நாலு, நீ தினமும் எங்களைவிட ரெண்டு மூட்டை அதிகமாத் தூக்கியிருக்கேடா!"

நாலு அதைக் கேட்டு வருத்தப்பட வேண்டும். ஆனால் அவனுக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. "அப்போ நான் சோப்ளாங்கி இல்ல," என்றான்.

"சோப்ளாங்கியா? நீ சாட்சாத் எருமைடா!" என்று அமைதி அவனைக் கட்டிக்கொண்டான்.

"கொஞ்சறது அப்புறம். மணி ரெண்டு அம்பது," என்றாள் இன்ஜினியர்.

கரண்டியைத் தூண் வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நாலு திரையை உயிர்ப்பித்தான். பச்சை விளக்கு. கை இறங்கியது, கவ்வியது, எழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். நான்காவது மூட்டை அலுங்காமல் குலுங்காமல் போய், தூர மூலையில் பூப்போல உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. மேடையில் அவள், கரண்டி இல்லாத வலது கையை ஒவ்வொரு நான்காவது மூட்டைக்கும் இடது கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு நிரப்பினாள். அடுக்கு உயர்ந்தது. நால்வரும் முக்கால் மணி நேரம் முதுகொடியப் போடும் சுமை, அரை மணியில் லாரிக்குத் தயாராக நின்றது. யாருக்கும் வியர்க்கவில்லை. தூண் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போட்டு, புது வேலைக்கு ஒத்திகையாக மூட்டை எண்ணினார்.

மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் ஆச்சு," என்றார். "மாப்பிள்ளை இங்கயே இருக்கட்டும். பூனைகளை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோறீங்களா?"

இன்ஜினியர் அங்கேயே, தீவன மூட்டை மேலேயே சாய்ந்து, ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போனாள். யாரும் எழுப்பவில்லை.

மாலை வெயிலில் புருஷனும் மனைவியும் வீடு திரும்பினார்கள். உடம்பெல்லாம் தீவன வாசனை. வழக்கம்போலத் தெருமுனையிலிருந்து ஒரு பசுமாடு அவர்களை முகர்ந்தபடி பின்னாலேயே வந்தது. நாலு நிமிர்ந்து நடந்தான். அவள் தலை குனிந்து நடந்தாள்.

"மேனேஜர்கிட்ட என்ன சொன்னே?"

"எடை குறைஞ்சிடக் கூடாதுன்னு பழகிப் போச்சு சார்ன்னேன்."

"அவர் நம்பிட்டாரு. எனக்கு ஒண்ணு இடிக்குதே. எடை குறையக் கூடாதுன்னா நாலு மூட்டைக்கும் போட்டிருக்கணும். தூணு மூட்டைக்கு இல்ல, அமைதி மூட்டைக்கு இல்ல. என் மூட்டைக்கு மட்டும் எதுக்கு?"

அவள் விறுவிறுவென்று பத்தடி நடந்தாள். மாடும் நடந்தது.

"கோவமா என் மேல?"

"கோவம்னா எப்பவோ கத்தியிருக்க மாட்டேனா? சொல்லேன்."

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல நீங்க மூட்டைய எடுத்துக்கிட்டு ஒரே போக்காப் போவீங்க. மேல யார் நிக்கிறா, யார் நிரப்புறான்னு ஒரு நாள்கூட நிமிர்ந்து பாக்க மாட்டீங்க. கனமா இருந்தா யார்டா இதைப் போட்டதுன்னு திட்டறதுக்காவது பாப்பீங்களேன்னுதான் போட்டேன்."

நாலு நடுத்தெருவில் நின்றுவிட்டான். "அதான் நான் திரும்பிப் பாத்துட்டேனே! பாத்து, கல்யாணமும் ஆகி, பொண்ணுக்கு எட்டு வயசு ஆச்சே!"

அவள் வலது கையைத் தூக்கி, அதையே முறைத்துப் பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியுங்க. இந்தக் கைக்கு யாருமே சொல்லலியே!"